பத்து இலக்கமும் வேற வேற

மனிதர்களில் எண்ணாராய்ச்சிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. எண் சோதிடரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். சோதிடராவது ஒரு பரிகாரத்தைச் சொல்லி ஆளை விட்டுவிடுவார். இவரோ பஸ் டிக்கெட்டில் இருக்கும் எண்ணை இலக்கம் இலக்கமாகக் கூட்டி, மூன்றால் வகுத்து, பதினொன்றால் வகுத்து, எதற்கும் மசியாவிட்டால் "பகா எண்ணு, பாத்தீகளா!" என்று பக்கத்து சீட்டுக்காரரின் தொடையில் தட்டி, அவர் இறங்கவேண்டிய சிலமலையைத் தாண்டிய பிறகும் விடாமல் விளக்குபவர். உங்கள் ஊரில் இல்லையா? கொடுத்துவைத்தவர்கள். போடிக்கு வாய்த்தவர் வெள்ளைத்துரை.

குரங்கணிக்கு மேலே அவருக்கு ஒரு துண்டு ஏலத்தோட்டம். அன்று காலை அவரையும் மனைவி சுருளியம்மாளையும் தோட்டத்தில் இறக்கிவிட்ட ஜீப்புக்காரர் பால்ராஜ், "சோலி முடிஞ்சதும் கூப்பிடுங்கண்ணே" என்று தன் செல் நம்பரைச் சொன்னார். கேட்டதும் வெள்ளைத்துரைக்குப் புல்லரித்துவிட்டது. போனில் பதிந்தாரா? பதிவது மூளையில்லாதவன் வேலை என்பது அவர் கட்சி.

மதியம் சுருளியம்மாள் பாறையில் வழுக்கி விழுந்தார். கணுக்கால் வீங்கிவிட்டது. ஜீப்பைத் தவிர வேறெந்த வண்டியும் ஏறாத பாதை.

"வெரசா பால்ராஜுக்குப் போனைப் போடுங்க!"

வெள்ளைத்துரை கண்ணை மூடினார். "அருமையான நம்பரு புள்ள. பத்து இலக்கமும் வேற வேற, ஒண்ணுகூடத் திரும்ப வரல. கூட்டினா நாப்பத்தஞ்சு. ஒம்பதால மிச்சமில்லாம வகுபடும்."

"நம்பரைச் சொல்லுங்க!"

"ஒம்பதுல ஆரம்பிக்கும். மிச்சத்த மூணு லச்சத்து அறுபத்திரெண்டாயிரத்து எண்ணூத்தி எம்பது விதமா அடுக்கலாம்." சட்டென்று அவர் முகம் மலர்ந்தது. "பொறு, ரெட்டப்படை! அப்ப ரெண்டு லச்சத்து ஆயிரத்து அறுநூறுதான்."

சுருளியம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. வலியில் பாதி, அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததில் பாதி.

"நாளைக்கு நான் செத்தாலும் என் வயச வகுத்துப் பாத்துட்டுத்தான் தூக்குவீக!"

பக்கத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்த மொக்கம்மாள், செல்போனே வைத்துக்கொள்ளாதவர், குரங்கணி வரை ஓடிப்போய் ஜீப்போடு வந்தார். அவரும் பால்ராஜும் சுருளியம்மாளைத் தூக்கி ஏற்றினார்கள். வெள்ளைத்துரையும் சும்மா இருக்கவில்லை.

"தம்பி, ஒன் நம்பரு கடைசில ரெட்டப்படைதான?"

"ஏறுங்கண்ணே" என்றார் பால்ராஜ்.

இப்படியும் ஒரு மனிதரா என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்த இரண்டு லட்சத்து ஆயிரத்து அறுநூறு சரிதானா என்று சற்றுமுன் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தீர்களே, சுருளியம்மாளுக்கு எலும்பு முறிந்ததா, வெறும் சுளுக்கா என்று கேட்டீர்களா?