ஒப்பமிட்டவர் முதலில் ஏறுக

ஏழு குன்றுகளைத் தாண்டி, எட்டாவது குன்றில் மூச்சு வாங்க உட்கார்ந்தால் எதிரே தெரிவது ஏறுமேடு என்னும் நாடு. அங்கே சமதளம் என்று இருந்தது அரண்மனைப் புல்வெளி ஒன்றுதான். மற்றதெல்லாம் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். கீழே தலைநகரம், மேலே மேலூர் முதலாக முப்பது கிராமங்கள், நடுவில் கழுகுக் கணவாய். மேலூர்க்காரர்களுக்கு ஆஸ்பத்திரி, சந்தை, சர்க்கார் கச்சேரி எல்லாம் கீழே. வீடு வாசல் மேலே. ஆகையால் அந்த நாட்டு மக்கள் சாமியைவிட எஞ்சினைத்தான் அதிகம் நினைத்துக்கொண்டார்கள்.

நாட்டுக்கே ஒரு வண்டித் தொழிற்சாலை. அது ராஜாவுக்குச் சொந்தம். ராஜா நெடுமுடியார் நல்ல மனிதர்; கடைசியாக யார் வந்து பேசினார்களோ அவர்கள் சொன்னது சரி என்று நினைப்பவர். தொழிற்சாலையின் எஞ்சின் கொட்டகைக்குத் தலைவி வண்டார்குழலி. ஐம்பத்திரண்டு வயது. ஓடுகிற எஞ்சின்மேல் ஒரு திருப்புளியை வைத்து, அதன் பிடியில் காதை வைத்துக் கேட்பாள். கேட்டுவிட்டு, "மூணாவது உருளையில ஏதோ இடிக்குது" என்பாள். பிரித்துப் பார்த்தால் மூன்றாவது உருளைதான். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் 'களிறு' என்ற எஞ்சினைச் செய்தவள் அவள்தான். இப்படிப்பட்டவர்கள் ஒரு நாட்டில் நான்கு பேர் இருந்தால் போதும் என்று எனக்கு ஓர் எண்ணம். ஏறுமேட்டில் ஒருத்தி இருந்தாள்.

களிறுக்கு வயதாகிவிட்டது. கணவாயின் மூன்றாவது திருப்பத்தில் இருமி நிற்கும். பயணிகள் இறங்கி, சக்கரத்துக்குக் கல் வைத்து, எல்லோருமாகத் தோள் கொடுத்துத் தள்ளுவார்கள். கர்ப்பிணிகள் மட்டும் உள்ளே உட்கார்ந்திருக்கலாம். மக்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பு அரண்மனைக்கு எட்டியதும் முதல் ஆணை பிறந்தது: இனி வண்டி தள்ளுவதற்கு 'மக்கள் பங்கேற்பு' என்று பெயர். ஆண்டுதோறும் சிறந்த தள்ளுநருக்கு விருதும் உண்டு. அதன்பிறகு கர்ப்பிணிகளும் இறங்க வேண்டியதாயிற்று, பங்கேற்பிலிருந்து யாரையும் விலக்கிவைக்கக் கூடாது அல்லவா.

இந்த ஆணையை யோசித்தவர் மேலாண்மைப் பேரமைச்சர் மார்த்தாண்ட பூபதி. வண்டியின் முன்மூடியை அவர் வாழ்நாளில் திறந்ததில்லை. அதைப் பற்றி ஆறு மணி நேரம் பேசக்கூடியவர். அவர் ராஜாவிடம் சொன்னார்:

"மன்னா, தங்கள் வெள்ளிவிழாவுக்கு இன்னும் பத்துத் திங்கள். அன்றைய தினம் 'யாளி' என்னும் புதிய எஞ்சின் நாற்பது பேருடன் நில்லாமல் கணவாய் ஏறும் என்று அறிவித்துவிட்டேன்."

"அறிவித்துவிட்டீரா? செய்தாகிவிட்டதா?"

"அறிவிப்பதுதான் மன்னா கடினமான பகுதி. செய்வதற்குக் கொட்டகை இருக்கிறது."

குழலியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் இரண்டு மழைக்காலம் வேண்டும் என்றாள். ஒன்று செய்வதற்கு, இன்னொன்று நனைந்த மலைப்பாதையில் அது என்ன செய்கிறது என்று பார்ப்பதற்கு. பேரமைச்சர் அவளை அனுதாபத்தோடு பார்த்தார்.

"அம்மையே, நீங்கள் எஞ்சினை மட்டும் பார்க்கிறீர்கள். நாங்கள் தொலைநோக்கோடு பார்க்கிறோம்."

தொலைநோக்கு வேலையைத் தொடங்கியது. எஞ்சினின் மேல்பாதி ராஜாவின் மைத்துனர் ஊரில் செய்யப்படும், கீழ்ப்பாதி பேரமைச்சர் ஊரில் செய்யப்படும், இரு ஊரும் சமமாக வளரும் என்று இரண்டாவது ஆணை வந்தது. இரு ஊரிலும் அளவுகோல் அந்தந்த ஊர்ப் பெரிய மனிதரின் கட்டைவிரல். மைத்துனருக்குக் கொஞ்சம் தடித்த விரல். இரண்டு பாதிகளும் தலைநகருக்கு வந்து சேர்ந்தபோது ஒன்றன்மேல் ஒன்று உட்காரவில்லை. நடுவில் தடித்த தகடு ஒன்றைச் சொருகி, போல்ட்டுகளை இறுக்கி, உட்காரவைத்தார்கள். கொட்டகையின் கைதேர்ந்த ஆட்கள் பாதிப்பேரை இரண்டு ஊருக்கும் மாற்றிவிட்டதால் பழைய வண்டிகளைப் பழுது பார்க்க ஆளில்லை. மக்கள் இப்போது இரண்டாவது திருப்பத்திலும் ஐந்தாவது திருப்பத்திலும் பங்கேற்றார்கள்.

மூன்றாவது ஆணை சொற்களைப் பற்றியது. 'கோளாறு' என்ற சொல் தொழிலாளரின் மனத்தைச் சோர வைக்கிறது. ஆகவே இனி 'தனித்தன்மை' என்றே எழுத வேண்டும். யாளி தண்ணீரைக் கக்கியது. 'நீர் வெளிவரும் தனித்தன்மை' என்று ஏட்டில் ஏறியது. எண்ணெயைக் குடித்தது, அதுவும் தனித்தன்மை. மாதக் கடைசியில் பேரமைச்சர் ராஜாவிடம், கோளாறுகள் பூஜ்யம் என்று அறிவித்துப் பொன்னாடை பெற்றுக்கொண்டார்.

நான்காவது ஆணைப்படி சோதனை ஓட்டம் கணவாயிலிருந்து அரண்மனைப் புல்வெளிக்கு மாற்றப்பட்டது. யாளி அங்கே மூன்று சுற்று அழகாக ஓடியது. ராஜா எழுந்து நின்று கைதட்டினார்.

குழலி கைதட்டவில்லை. பேரமைச்சருக்குப் பாராட்டு விழா நடந்த விடுமுறைப் பகலில், கொட்டகையின் மூத்த ஓட்டுநர் ஆதப்பனைக் கூட்டிக்கொண்டு, நாற்பது மணல் மூட்டைகளை ஏற்றி, யாளியைக் கணவாய்க்கு ஓட்டிப் போனாள். முதல் திருப்பம் சுகமாக ஏறியது. இரண்டாவதும் அப்படியே. ஆதப்பன் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். மூன்றாவது திருப்பத்தில் நடுத்தகடு பிய்த்துக்கொண்டது. ஒரே ஒரு சத்தம், எஞ்சின் செத்துவிட்டது. எஞ்சின் நின்றால் யாளியில் பிரேக்கும் பிடிக்காது. களிறு இருமி இருமி நிற்கும், கல் வைக்க நேரம் கொடுக்கும். இது கொடுக்கவில்லை. வண்டி பின்னால் உருளத் தொடங்கியது. வலப்பக்கம் பள்ளம். ஆதப்பன் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்து, வண்டியின் பின்புறத்தை மலைச்சரிவில் கொண்டுபோய் இடித்து நிறுத்தினார்.

"மூட்டைங்கறதால சத்தம் போடல, குழலியம்மா," என்றார் ஆதப்பன்.

மறுநாள் அவள் பேரமைச்சர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, மேல்பாதியும் கீழ்பாதியும் சேரலை. ஏத்தத்துல சூடேறினா தகடு பிச்சுக்குது. ஆள் ஏத்தினா செத்துப்போவாங்க."

"தனித்தன்மை என்று சொல்லுங்கள்."

"எப்படிச் சொன்னாலும் சாவாங்கய்யா."

"தகட்டை மாற்றிவிடுங்கள். விழாவுக்கு இன்னும் ஒன்பது நாள். தகுதிச் சான்றில் உங்கள் ஒப்பம் வேண்டும்."

"போட மாட்டேன்."

பேரமைச்சர் கோபப்படவில்லை. கோபப்படுவது மேலாண்மைக்கு அழகல்ல என்று அவரே ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தார்.

"ஓர் ஒப்பம் இல்லையென்றால் என்ன, பதினொன்று வாங்கிக்கொள்கிறேன்," என்றார்.

வாங்கவும் செய்தார். ஒப்பமிட்டவர்கள் பெயர் விழாக் கல்வெட்டில் பொறிக்கப்படும் என்று சொன்னதும் அதிகாரிகள் வரிசையில் நின்றார்கள். பூங்கா இலாகாத் தலைவர்கூட வந்து ஒப்பமிட்டார். முதல் பெயர் பேரமைச்சருடையது.

விழாவுக்கு முதல் நாள் மேலூரிலிருந்து குழலியின் தங்கை கோதை நடந்தே இறங்கி வந்தாள். கையில் புதுப்புடவை, முகமெல்லாம் சிரிப்பு. பதினைந்து வருடம் மூன்றாவது திருப்பத்தில் வண்டி தள்ளியவள். அவளைச் சிறந்த தள்ளுநராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். யாளியின் முதல் ஓட்டத்தில் அவளோடு சேர்த்து நாற்பது தள்ளுநர்கள் ராஜாவின் விருந்தாளிகள்.

"எனக்கு முன்சீட்டுக்கா! நீ செஞ்ச எஞ்சின்ல நான்தான் மொதல்ல போறேன்."

"நான் செய்யலடி. நீ அதுல ஏறாத."

கோதையின் சிரிப்பு போய்விட்டது. அக்கா சும்மா சொல்கிறவள் அல்ல என்பது அவளுக்குத் தெரியும்.

"நீ வேணாம்னா நான் ஏறலக்கா. மிச்சம் முப்பத்தொம்போது பேருகிட்ட யாரு சொல்றது?"

குழலி, ஒப்பமிட மறுத்ததோடு தன் கை சுத்தமாகிவிட்டது என்று எட்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள். தன் தங்கையை மட்டும் இறக்கிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா? வாசலில் நின்று கத்தினால் காவலர் பிடித்துப் போவார்கள், வண்டி எப்படியும் கிளம்பும்.

நேரே கொட்டகைக்குப் போனாள். சாப்பாட்டு நேரம். சுவரில் ஒரு பழைய செப்பேடு. அதன் நான்கு ஆணிகளில்தான் தலைமுறை தலைமுறையாக எல்லோரும் சாப்பாட்டுப் பையை மாட்டுவது. குழலி தன் பையைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு மற்றவர்களின் பைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள். பைகளுக்குப் பின்னால் இருந்த எழுத்து அவளுக்கு மனப்பாடம். முப்பது வயதில் களிறுக்கு ஒப்பமிட்டுவிட்டு, அந்த எழுத்துப்படிதான் அவள் முன்னிருக்கையில் உட்கார்ந்து கணவாய் ஏறினாள். கொட்டகைக்காரர்கள் அதைத் தங்கள் கௌரவம் என்று மட்டும்தான் எண்ணியிருந்தார்கள். வெளியார் யாரும் இதுவரை எஞ்சினுக்கு ஒப்பமிட்டதில்லையே.

"ஆதப்பண்ணே, அந்தத் திருப்புளியக் குடுங்க," என்றாள்.

விழா நாள். நாற்பது தள்ளுநர்களும் யாளியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். முன்னிருக்கையில் கோதை. கூட்டத்தில் குழலியைத் தேடிப் பிடித்து, "நீ பாத்துக்குவேன்னு ஏறிட்டேன்" என்பதுபோல் தங்கை ஒரு பார்வை பார்த்தாள். ராஜா கல்வெட்டைத் திறந்துவைத்தார். கட்டியக்காரன் பதினொரு பெயர்களையும் உரக்கப் படித்தான். கூட்டம் ஆரவாரித்து ஓய்ந்த நொடியில் குழலி செப்பேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ராஜாவின் முன் வந்து நின்றாள்.

"மகாராஜா, இது உங்க முப்பாட்டனார் கட்டளை. படிக்க அனுமதி வேணும்."

முப்பாட்டனார் என்றதும் ராஜா எழுந்து நின்றார். அவள் படித்தாள்:

"எஞ்சினுக்கு ஒப்பமிட்டவர் எவரோ, அவரே முதல் ஓட்டத்தில் முன்னமர்ந்து கணவாய் கடக்கக் கடவர்."

ராஜா குனிந்து முத்திரையைப் பார்த்தார். முத்திரை சரியாகவே இருந்தது. கடைசியாகப் பேசியது முப்பாட்டனார் ஆகிவிட்டபடியால் அவருக்குக் குழப்பம் ஏதும் இல்லை.

"நல்ல வழக்கம்! விருந்தாளிகள் இறங்கட்டும். பதினொருவரும் ஏறலாம்."

பூங்கா இலாகாத் தலைவருக்கு அன்று விரதம் என்று தெரிய வந்தது. இன்னொருவருக்கு வடக்கே சூலம். ஒருவர், தான் போட்டது ஒப்பமல்ல, பார்த்ததற்கான அடையாளம் என்றார். கல்வெட்டு வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது.

"பூபதி, நீர் ஏறும். புல்வெளியில் என்னமாய் ஓடியது!" என்றார் ராஜா.

பேரமைச்சர் ஒரு காலைப் படியில் வைத்தார். ஆதப்பன் எஞ்சினை முடுக்கினார். வைத்த கால் கீழே இறங்கியது. நாடே பார்த்துக்கொண்டிருக்க, மார்த்தாண்ட பூபதி அந்தச் சொல்லைச் சொன்னார்.

"மன்னா... இதில் ஒரு கோளாறு இருக்கிறது."

ராஜா குழலியின் பக்கம் திரும்பி, எவ்வளவு காலம் வேண்டும் என்றார்.

"ரெண்டு மழைக்காலம், மகாராஜா."

இம்முறை கொடுத்தார். இரண்டு பாதிகளும் ஒரே கொட்டகைக்கு வந்தன. ஊருக்கு அனுப்பிய ஆட்கள் திரும்பினார்கள். இரும்பில் ஒரே அளவுகோல் அடிக்கப்பட்டது. 'கோளாறு' என்ற சொல்லும் ஊர் திரும்பியது. முதல் மாதத்திலேயே முந்நூற்றுப் பன்னிரண்டு கோளாறுகளை எழுதினாள் குழலி. அவற்றை ஒவ்வொன்றாக அடித்து முடிக்கும்வரை அவள் யாரிடமும் நல்ல முகத்தோடு பேசவில்லை. அவள் ஆட்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்த இரண்டு வருடம் கொட்டகையில் நடந்த உழைப்பைப் பாட ஒரு புலவர் தேவை; என்னால் சொல்லத்தான் முடிகிறது.

இரண்டாவது மழையில், பாதை வழுக்கிக் கிடந்த ஒரு காலையில், குழலி தகுதிச் சான்றில் ஒப்பமிட்டுவிட்டு முன்னிருக்கையில் ஏறினாள். பின்னால் நாற்பது பேர். மூன்றாவது திருப்பம் வந்ததும் நாற்பது பேரும் பழக்கத்தில் இறங்குவதற்கு எழுந்து நின்றார்கள். வண்டி நிற்கவில்லை. நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்கள். கோதை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். குழலி திரும்பிப் பார்க்கவே இல்லை. திருப்புளியை எஞ்சின் மேல் வைத்துக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மேலூரில் காத்திருந்த ராஜாவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அங்கேயே ஓர் ஆணை பிறப்பித்தார்: இனி எஞ்சினுக்கு மட்டுமல்ல, நாட்டின் எல்லா ஆணைகளுக்கும் செப்பேடு பொருந்தும். பாலத்துக்கு ஒப்பமிட்டவர் முதலில் அதன்மேல் நடக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு ஒப்பமிட்டவர் காய்ச்சல் வந்தால் அங்கேதான் படுக்க வேண்டும். பொது அரிசிக்கு ஒப்பமிட்டவர் அதையே வடித்துச் சாப்பிட வேண்டும்.

அந்த ஓராண்டு ஏறுமேட்டில் ஒரு புதிய ஆணைகூட வெளிவரவில்லை. மக்கள் அதைப் பொற்காலம் என்கிறார்கள். அதற்கடுத்த ஆண்டு ஒன்றிரண்டு ஆணைகள் தயங்கித் தயங்கி வந்தன. அவை நன்றாகவே இருந்தன. செப்பேட்டை ரத்து செய்ய மந்திரிசபை ஒருமனதாகத் தீர்மானித்ததும் உண்டு. ரத்துக்கு ஒப்பமிடுகிறவர், ஒப்பமிட்டவர் ஏறாத வண்டியில் முதல் ஆளாக ஏற வேண்டியிருக்கும் என்று யாரோ எடுத்துச் சொன்னார்கள். தீர்மானம் இன்றும் மேசை மேல் இருக்கிறது.

செப்பேடு மறுபடி கொட்டகைச் சுவரில்தான், நான்கு ஆணிகளில் பைகளோடு. அதைப் பார்க்க அண்டை நாடுகளிலிருந்தெல்லாம் தூதுக்குழுக்கள் வருகின்றன. நம் பக்கத்திலிருந்தும் ஒரு குழு போய், ஒரு வாரம் தங்கி, யாளியில் ஏறி இறங்கி, திரும்பி வந்து அறிக்கை கொடுத்தது. 'சாப்பாட்டுப் பை மாட்டும் பலகை ஒன்று காணப்பட்டது. நமக்கு அவசியமில்லை' என்று அதில் எழுதியிருந்தது.

யார் எழுதியது என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒப்பம் இல்லை.