பணி நேர வெளிச்சம்

மக்களுக்கு வெளிச்சம் வேண்டும் என்பதில் அரசாங்கத்துக்கு ஒருபோதும் மாற்றுக் கருத்து இருந்ததில்லை. எப்போது வேண்டும் என்பதில்தான் சிறு குழப்பம்.

எங்கள் தெரு வளைந்து வளைந்து போகும். மூடியில்லாத சாக்கடை ஒன்றும் கூடவே வளைந்து போகும். பொழுது சாய்ந்தால் எது தெரு, எது சாக்கடை என்பதைக் காலை விட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படித் தெரிந்துகொண்டதில் நர்ஸம்மாவுக்குக் கணுக்கால் முறிந்தது. மாலை ஷிப்டு முடிந்து தினமும் இருட்டில் திரும்புகிறவர் அவர். தெருச் சங்கம் சும்மா இருக்குமா? துண்டறிக்கை அடித்தோம். மறியல் செய்தோம். கட்டுப் போட்ட காலைச் சுவரொட்டியில் போட்டோம். கால் குணமாகி, போராட்டம் வலுவிழக்க இருந்த நேரத்தில் சூரிய விளக்குகள் அனுமதிக்கப்பட்டன.

வேலையை எடுத்தவர் நர்ஸம்மாவின் கணவர், கரண்ட்காரர். ஆஸ்பத்திரிக்கு ஜெனரேட்டர், துணிக்கடைக்கு அலங்கார விளக்கு, தொழிற்சாலைக்கு மோட்டார், அலுவலக மொட்டைமாடிக்கு சோலார் தகடு என்று ஊரில் அவர் கை படாத ஒயர் இல்லை.

"ஊருக்கெல்லாம் வெளிச்சம் போடுறீங்க. பொண்டாட்டி சாக்கடையில நடந்து வரா."

"இந்த வேலையே உனக்காகத்தாம்மா எடுத்தேன்."

"எடுத்தது போதும். எரிய வைங்க."

கம்பங்கள் நின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு தகடு, அதன் கீழே ஒரு விளக்கு, பக்கத்தில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கண். கண்ணுக்கு இருட்டு தெரிந்தால் விளக்கு எரியும். ஆனால் துறை சான்றளிக்கும் முன் பயன்பாட்டுக்கு விடக் கூடாது. ஆகவே ஒருநாள் காலை பதினொரு மணிக்கு, குடை பிடித்துக்கொண்டு ஆய்வாளர் வந்தார்.

"எரியலையே?"

"வெயில் அடிக்குது சார். இருட்டினாத்தான் எரியும்."

"இருட்டினா நான் வீட்டுக்குப் போயிடுவேனே. 'விளக்கு பணி நேரத்தில் எரிவதை ஆய்வாளர் நேரில் காண வேண்டும்'னு விதி சொல்லுது."

"பணி நேரம்னா விளக்கோட பணி நேரம் சார்."

"விளக்கு எந்தத் துறையில வேலை பாக்குது? பணி நேரம்னா என்னோடதுய்யா. காலையில பத்துலேருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும். நடுவுல சாப்பாடு."

"ஒரே ஒரு ராத்திரி இந்தப் பக்கம் வந்தீங்கன்னா..."

"ராத்திரி நான் அதிகாரி கிடையாது, வெறும் ஆளு. வெறும் ஆளு பாத்ததுக்குச் சான்று குடுக்க முடியுமா?"

இதில் குறை சொல்ல எங்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. கரண்ட்காரர் வீட்டுக்கு ஓடி ஒரு கம்பளிப் போர்வையைக் கொண்டுவந்தார். ஏணியில் ஏறி அதனால் விளக்கின் கண்ணை மூடினார். விளக்கு எரிந்தது. ஆய்வாளர் முகமும் மலர்ந்தது, உடனே வாடியது.

"இந்த இருட்டு யாரோடது?"

"என் வீட்டுப் போர்வை சார்."

"திட்டத்துல போர்வை இல்லையே. தனியார் இருட்டுல அரசாங்க விளக்கு எரியலாமா?"

விவகாரம் மேலிடத்துக்குப் போனது. தலைமைப் பொறியாளர் கறுப்புக் கண்ணாடி அணிந்து நேரில் எழுந்தருளினார். அண்ணாந்து பார்த்தார்.

"இப்போ இருட்டாத்தானே இருக்கு? அப்புறமும் ஏன் எரியல?"

"கண்ணாடியை விளக்குக்குப் போடணும் சார்."

"அதெப்படி? இது என் சொந்தக் கண்ணாடி."

இதற்குள் நர்ஸம்மா இன்னொரு முறை விழுந்து எழுந்திருந்தார். முழங்கை சிராய்ப்போடு அவர் வைத்த சாப்பாட்டைக் கரண்ட்காரர் பாதியில் விட்டு எழுந்தார். மறுநாள் எல்லாக் கண்களிலும் இரண்டு ஒயர்களை இடம் மாற்றினார். அதன்பின் வெயில் பட்டால் விளக்கு எரிந்தது, இருட்டினால் அணைந்தது. சான்று கிடைத்ததும் பழையபடி மாற்றிவிடலாம் என்பது அவர் எண்ணம். ஆய்வாளர் உச்சி வெயிலில் வந்து, கண் கூசி, மகிழ்ந்து, சான்றளித்தார். கண்களுக்கு முத்திரை வைத்தார்.

"சான்று குடுத்த நிலையிலேருந்து ஒரு ஒயரை மாத்தினாலும் குற்றம். உரிமம் போயிடும்."

திறப்பு விழா நண்பகலில் நடந்தது. 'பகலிலேயே இருட்டை ஒழித்த முதல் தெரு' என்று சிறப்பு விருந்தினர் முழங்கினார். எல்லோரையும்விட நாங்கள்தான் பலமாகக் கை தட்டினோம். மூன்று மறியலின் வெற்றியல்லவா! பக்கத்துத் தெருக்காரர்கள் பொறாமையில் வெந்தார்கள். தங்கள் விளக்கு ராத்திரியில் எரிகிறது என்று வெளியே சொல்லக் கூசினார்கள். வசதியுள்ளவர்கள் மாடியில் பகல் விளக்கு மாட்டி, அதன் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கரண்ட்காரருக்கு மூச்சு விட நேரமில்லை.

நர்ஸம்மா மட்டும் இருட்டில்தான் வந்தார்.

ஒருநாள் பொழுது சாய்ந்ததும், உரிமம் போனால் போகட்டும் என்று கரண்ட்காரர் குறடும் கையுமாக ஏணியில் ஏறிவிட்டார். சேதி தெரிந்து சங்கமே ஓடியது. ஏணியின் காலைப் பிடித்தோம்.

"போராடி வாங்கின விளக்குய்யா! கை வைக்காதே!" என்றார் செயலாளர்.

"ராத்திரியில எரிய வைக்கத்தான் ஏறினேன்."

"ராத்திரியில எவன் வேணா எரிய வைப்பான். அதுல நமக்கென்ன பெருமை?"

சொல்லிக்கொண்டே, அவர் என்ன செய்கிறார் என்று பார்க்கச் செயலாளர் டார்ச்சை மேலே அடித்தார். கண்ணுக்கு விடிந்துவிட்டது. விளக்கு பளீரென்று எரிந்தது. டார்ச்சை இறக்கினார், அணைந்தது. ஏற்றினார், எரிந்தது.

அங்கேயே பொதுக்குழு கூடித் தீர்மானம் போட்டோம். வீட்டுக்கொரு டார்ச். ஒருவர் நின்று கண்ணில் அடிக்க, விளக்கு எரிய, மற்றவர் கடக்க வேண்டியது. பிறகு கடந்தவர் அடுத்த கம்பத்தில் நின்று அடிக்க, அடித்தவர் கடக்க வேண்டியது. விதி மீறாமல் வெளிச்சம்! ஆய்வாளரே நேரில் வந்து பாராட்டினார், பணி நேரத்தில்.

அன்று இரவு நர்ஸம்மா வந்தபோது நாங்கள் முறைப்படி வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். அவர் கைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்தார். தரையைப் பார்த்து அடித்தார். சாக்கடையை விட்டு ஒதுங்கி நேரே வீட்டுக்குப் போய்விட்டார்.

எங்களுக்கு உடம்பெல்லாம் கூசியது. போராடிப் பெற்ற விளக்கை இதற்குமேல் யாரால் அவமதிக்க முடியும்? செயலாளர் கண்டனம் தெரிவிக்க அவர் பின்னாலேயே ஓடினார். டார்ச்சைக் கொள்கைப்படி மேல்நோக்கியே பிடித்திருந்ததால் சாக்கடையைக் கவனிக்கவில்லை.

நர்ஸம்மாவைச் சங்கத்திலிருந்து நீக்கும் தீர்மானம் அவர் வீட்டு வாசலிலேயே ஒருமனதாக நிறைவேறியது. கரண்ட்காரரும் கை தூக்கினார். ஆதரித்தா எதிர்த்தா என்று இருட்டில் தெரியாததால், ஆதரித்து என்றே எடுத்துக்கொண்டோம். ஒரே ஒரு திருத்தம் மட்டும் செயலாளர் தரையில் உட்கார்ந்தபடியே கொண்டுவந்தார். தன் காலுக்கு நர்ஸம்மா கட்டுப் போட்டு முடித்த பிறகு நீக்கம் அமலுக்கு வரும்.