வால் மோட்டாருக்கு எத்தனை சிசி?

தெரிந்த விஷயத்தைவிடத் தெரியாத விஷயத்தைப் பற்றித்தான் எனக்குச் சரளமாகப் பேச வரும். பெண் பார்க்கப் போன அன்றும் அப்படித்தான்.

மலேசியாவில் பெக்கோக் என்ற சின்ன ஊரில் எனக்கு மோட்டார் பட்டறை. (எங்கள் பக்கம் மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள்தான்.) "ஜொகூர் பாருவுல ஒரு பொண்ணு, பேரு ஸ்டெல்லா. மோட்டார் ஆராய்ச்சி பண்ணுதாம்" என்று அம்மா சொன்னதுமே எனக்குத் தலைகால் புரியவில்லை. போட்டோவைப் பார்த்ததும் இருந்த கொஞ்சநஞ்ச அறிவும் போனது. இவள் வேண்டாமென்றால் என் கதை அவ்வளவுதான்.

அவர்கள் வீட்டு ஹாலில் அவள் அப்பா, என் அம்மா, எதிரே ஸ்டெல்லா. காபி வருவதற்குள் ஆரம்பித்துவிட்டேன்.

"உங்க மோட்டார் எத்தனை சிசிங்க?"

"சிசியா? அது கண்ணுக்கே தெரியாதுங்க. செல்லோட வால்ல இருக்கும்."

"பின்சக்கரத்துப் பக்கமா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சக்கரமே இல்லைங்க. வால் நெடுக நூல் நூலா இருக்கும். ஒரு நூல்ல உட்கார்ந்திருக்கிற குட்டிப் புரதம் பக்கத்து நூலைப் பிடிச்சு இழுக்கும். அதுதான் மோட்டார். நூலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கட்டியிருக்கிறதால நழுவ முடியாது, வால் வளைஞ்சிடும். அப்புறம் எதிர்ப்பக்கத்து மோட்டார் இழுக்கும், வால் அந்தப் பக்கம் வளையும். இப்படி மாறி மாறி அடிச்சுத்தான் செல் நீந்துது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். (நிறுத்தினால் அது நானா?)

"ரெண்டு பக்கமும் சேர்ந்து இழுத்தா இன்னும் ஸ்பீடா போகும்லா!"

"போகாதுங்க. வளையவே வளையாது."

"நான் வேணும்னா வந்து டியூன் பண்ணித் தரேன். ஆமா, எதோட வாலு? மீனோடதா?"

ஸ்டெல்லா அப்பாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"ஆம்பளைங்க விந்தணுவோட வாலு."

அலமாக்! என் அம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது. ஸ்டெல்லாவின் அப்பா எழுந்துபோய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த காற்றாடியை நிறுத்தி, மறுபடி போட்டார்.

திரும்பும் வழியில் அம்மா, "டியூன் பண்ணித் தரானாம்!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் அவள் அப்பா போன் செய்தார். "தம்பி, ஸ்டெல்லா சரின்னுட்டா."

"ஏன் அங்கிள்?" (கேட்கிற கேள்வியா இது?)

"இதுக்கு முன்ன வந்தவங்க எல்லாம் தலையை ஆட்டிட்டு வடையைத் தின்னாங்களாம். நீங்கதான் புரியலன்னாலும் கேட்டுக்கிட்டே இருந்தீங்களாம்."

கல்யாணமாகி மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் சொந்தபந்தம் அத்தனை பேரும் தொட்டிலைச் சுற்றி நிற்க, மாமனார் குழந்தையை எட்டிப் பார்த்தார். என் தோளில் ஓங்கித் தட்டினார்.

"மாப்ள, டியூனிங் பிரமாதம்!"

இன்றுவரை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அதையேதான் சொல்கிறார். "டியூனிங்னா என்னப்பா?" என்று இந்த வருஷம் மகள் கேட்டாள்.

"கேக்கை வெட்டும்மா" என்றேன்.