மூல நட்சத்திரத்துக்கு ஐந்து இஞ்ச் ஸ்பீக்கர்

2004-ஆம் ஆண்டு, எர்ணாகுளத்தை அடுத்த மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், மிளகு மூட்டை அடுக்கும் கிடங்கு ஒன்றில், சாமியார் ஒருவர் ஸ்பீக்கருக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள். ஸ்பீக்கருக்குத்தான். மனிதர்களுக்கு வாழ்வு கொடுக்கிற சாமியார்கள் ஏற்கெனவே ஊர் முழுக்க இருந்ததால், போட்டியில்லாத தொழிலாகப் பார்த்து இறங்கியிருந்தார். பெயர் நாதசித்தர் சங்கிலிப்பாண்டி சுவாமிகள். நடுவில் இருப்பது அப்பா அம்மா வைத்தது. முன்னும் பின்னும் இருப்பவை அவரே வைத்துக்கொண்டவை.

கூட்டத்துக்குக் குறைவில்லை. சுள்ளிக்கல்லிலிருந்து இடக்கொச்சி வரை, கம்ப்யூட்டர் வாங்கியவனெல்லாம் இசையமைப்பாளனாகிவிட்ட காலம் அது. படுக்கையறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு கீபோர்டு, எதிரொலியை அடக்கச் சுவரில் முட்டை அட்டை. ஸ்டுடியோ தயார். எல்லோருக்கும் ஒரே நோய்தான். வீட்டில் இடி இடிக்கிற பாட்டு, வெளியே ஆட்டோவில் போட்டால் தகர டப்பாவைத் தட்டுவதுபோல் கேட்கும்.

இதற்குக் காரணம் கிரகம் அல்ல. அவர்கள் வைத்திருந்தவை படம் பார்க்க வாங்கிய ஸ்பீக்கர்கள். எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் தாமாகவே கொஞ்சம் பாஸ், அதாவது அடித்தொனி, சேர்த்து முகஸ்துதி பாடும். அதை நம்பி, பாட்டில் இருக்கிற பாஸை இவர்கள் குறைத்துவிடுவார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லும் ஸ்பீக்கருக்கு ஸ்டுடியோ மானிட்டர் என்று பெயர். விலை குறைவானதில் எது நல்லது என்று தெரிய வேண்டுமானால் கடை கடையாக ஏறிக் காதால் கேட்க வேண்டும். அது சிரமம். சாமியாரைப் பார்ப்பது சுலபம்.

பள்ளுருத்தி மாரிச்செல்வமும் சுலபத்தைத்தான் தேர்ந்தெடுத்தான். மாநகராட்சி பம்ப் ஹவுஸில் மோட்டார் ஓட்டுகிறவன். பகலெல்லாம் மோட்டார் இரைச்சலைக் கேட்டும் சங்கீத ஆசை போகாத ஜென்மம். மாரியம்மன் பாட்டு ஆறை, உடுக்கையும் டெக்னோ தாளமும் கலந்து, கம்ப்யூட்டரில் செய்து வைத்திருந்தான். எர்ணாகுளத்தில் சி.டி. கம்பெனி நடத்திய அபிலாஷ் அதை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். அவருக்கு ஒரு வழக்கம். எந்த சி.டி.யையும் ஆபீஸில் கேட்க மாட்டார். கீழே இறங்கி, ஸ்டாண்டில் நிற்கிற ஆட்டோவில் உட்கார்ந்துதான் கேட்பார். பாட்டை வாங்கப்போகிறவர்கள் ஆட்டோக்காரர்கள் என்பது அவர் கட்சி. மூன்றாவது முறையும் தேறாவிட்டால் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தேறாவிட்டால் கம்ப்யூட்டரையே விற்றுவிடுவது என்று மாரிச்செல்வம் முடிவு செய்திருந்தான். அப்புறம் அவனுக்கு மிஞ்சுவது மோட்டார் சத்தம் மட்டும்தான்.

கையில் இருந்தது மனைவி வசந்தியின் சீட்டுப் பணம். ஒரே ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கலாம். தப்பானதை வாங்கினால் அடுத்ததற்கு வழியில்லை.

சாமியார் அவனுடைய பாட்டைக் கேட்கவில்லை, நட்சத்திரத்தைக் கேட்டார். மூலம் என்றான். சாமியார் கண்ணை மூடி, மூலத்துக்கு ஐந்து இஞ்ச் ஸ்பீக்கர்தான் ஆகும், எட்டு இஞ்ச் ரோகிணிக்காரர்களுக்கு என்றார். ஆறரை இஞ்ச் வைத்துக்கொண்ட ஒரு மூல நட்சத்திரக்காரன் இரண்டே மாதத்தில் குரலை இழந்தானாம். ஸ்பீக்கரை ஈசான மூலையில் ஒட்டி வைக்கச் சொன்னார். மூலையில் ஒட்டி வைத்தால் இல்லாத பாஸ் எல்லாம் இருப்பதுபோல் முழங்கும் என்பது கடைப் பையனுக்குக்கூடத் தெரியும். சித்தருக்குத் தெரிய வேண்டும் என்று சட்டமில்லை.

பிறகு தரிசனம். சிவப்புப் பட்டு தொங்கும் மேசைக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருப்பார். எதிரே ஒரே மாதிரி இரண்டு ஜோடி ஸ்பீக்கர். ஒன்று ஜடம், கடையில் வாங்கியபடியே இருப்பது. மற்றது நாற்பத்தொரு நாள் பூஜையில் உயிர் பெற்றது. ஜடத்தில் பாட்டு ஓடும். சாமியார் ஒரு மந்திரம் சொல்லி சுவிட்சைத் திருப்புவார். உயிருள்ளதில் அதே பாட்டு நெஞ்சை முட்டிக்கொண்டு வரும். கூட்டம் கை கூப்பும். கல்யாண வீடியோவுக்குப் பாட்டுப் போடுகிற வெங்கிடராமன் ஒவ்வொரு முறையும் அழுதுவிடுவார். மாரிச்செல்வத்துக்கும் கண் நிறைந்தது.

உயிர் பெற்ற ஜோடியைச் சாமியாரிடம் வாங்க ஞாயிற்றுக்கிழமை பணத்தோடு வந்தபோது வசந்தியையும் கூட்டிவந்தான். அவன் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். அதுவும் தெரிந்து செய்யவில்லை.

வசந்திக்குத் துறைமுகத் தீவான ஐலண்டில், தேயிலை ஏலக் கம்பெனி ஒன்றில் வேலை. ருசி பார்ப்பவருக்குக் கப் வைக்கிறவள். நாற்பது கப் வரிசையாக வைப்பாள். எல்லாவற்றிலும் ஒரே எடைத் தூள், ஒரே அளவு வெந்நீர், ஒரே நிமிஷக் கணக்கு. தோட்டத்தின் பெயரை மறைத்து நம்பர் மட்டும் வைப்பாள். பெயர் தெரிந்தால் நாக்கு பெயரைத்தான் ருசிக்கும் என்பது அந்த அறையின் பாலபாடம். எந்தக் கப்பில் ஒரு சிட்டிகை தூள் கூடிப்போனாலும் அதுதான் உசத்தி என்று தோன்றும் என்பது இரண்டாம் பாடம். பன்னிரண்டு வருஷமாக இதையே செய்கிறவள் சாமியாரின் தரிசனத்தைப் பார்த்தாள். அழவில்லை. மந்திரம் சொல்லும்போதெல்லாம் சாமியாரின் வலது முழங்கால் லேசாகத் தாழ்வதைப் பார்த்தாள்.

"சாமி, ஒரு தடவ துணி போட்டு மூடிட்டுக் கேக்கட்டா?" என்றாள்.

சாமியார் முகம் சுளித்தார். "தெய்வ சாந்நித்தியம் உள்ள வஸ்துவைத் துணியால் மூடுவதா, தாயே?"

"கோயில்ல திரை போடுறாங்கல்ல சாமி, அது மாதிரி."

கூட்டம் தலையாட்டியது. ஆட்டியது பக்தியால்தான், சந்தேகத்தால் அல்ல. அடுத்தபடியாக அவள் பணிவாகவே இன்னொன்று கேட்டாள். கப் வைக்கிறவள் வேறு, குடிக்கிறவர் வேறு; அதுபோல் சுவிட்சைத் தான் திருப்புவதாகவும், சாமி முன்னால் வந்து உட்கார்ந்து கேட்க வேண்டும் என்றும் சொன்னாள். தான் உயிர் கொடுத்த பிள்ளையின் குரல் சாமிக்குத் தெரியாதா என்ன? சாமியார் எழுந்திருக்கவில்லை. அவருடைய பக்தர்கள்தான் ஆளுக்கொரு கையைப் பிடித்து, பெருமிதத்தோடு முன்வரிசைக்கு அழைத்துப்போனார்கள்.

மிளகுச் சாக்குகளைப் பிரித்துத் திரை கட்டினார்கள். சுள்ளிக்கல் மாதா கோயிலில் கீபோர்டு வாசிக்கும் அனூப், பத்து முறை எதை எதை ஒலிக்க வேண்டும் என்று தன் மனம்போனபடி ஒரு தாளில் எழுதி வசந்தியிடம் மட்டும் காட்டினான். அவள் சாமியாரின் ஆசனத்தில் உட்கார்ந்து, கால்களை ஒடுக்கிக்கொண்டு, தாளில் உள்ளபடி சுவிட்சைத் திருப்பினாள். பத்து முறையும் அதே பாட்டு. ஒவ்வொரு முறையும் உயிரா, ஜடமா என்று எல்லோரும் சொல்ல வேண்டும்.

மாரிச்செல்வம் பத்துக்கு ஐந்து சரியாகச் சொன்னான். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் ஐந்து கிடைத்திருக்கும். வெங்கிடராமன் ஜடத்துக்கு மூன்று முறை அழுதார். நாதசித்தருக்கு நான்கு சரி. கூட்டத்தைப் பீடித்த தீய சக்தியால் காது அடைத்துக்கொண்டதாக அவர் விளக்கம் சொன்னார்.

வசந்தி திரையை அவிழ்த்தாள். எல்லோரும் பார்க்க, சுவிட்சை ஜடத்தின் பக்கம் திருப்பினாள். பாட்டு சப்பென்று ஓடியது. பட்டுத் துணிக்கு அடியில் காலை நீட்டி, மெதுவாக அழுத்தினாள்.

ஜடம் நெஞ்சை முட்டிக்கொண்டு பாடியது.

"உயிர் வந்துடுச்சு," என்றார் வெங்கிடராமன், கைகூப்பி. பிறகு தான் எதைக் கும்பிடுகிறோம் என்று பார்த்துக் கையை இறக்கினார்.

"ஏட்டி, கால எடுட்டி," என்றார் சுவாமிகள். தாயே போய்விட்டது, வஸ்து போய்விட்டது. சுத்தமான திருநெல்வேலி வந்துவிட்டது.

அனூப் பட்டைத் தூக்கினான். கீபோர்டு வாசிப்பவர்கள் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கக் காலால் மிதிக்கும் பெடல் ஒன்று அங்கே இருந்தது. "செல்வம் சேட்டா, இது ஞாயிறாழ்ச்ச பள்ளியில நான் சவிட்டுற சாதனம்தன்னெ," என்றான். மாதா கோயிலில் அவன் மிதிப்பதும் இதே பெடல்தானாம். சத்தம் கூடினால் எதுவும் உசத்தியாகத்தான் கேட்கும். அந்தக் கிடங்கில் இதே பெடலை வாரா வாரம் மிதிக்கிறவர்கள் நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேரும் முந்தின வாரம் கை கூப்பினவர்கள். பெட்டிகளின் முதுகைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு ஜோடியிலும் ஒரே மலிவு ஸ்பீக்கர், ஒரே ஸ்டிக்கர். அன்று சாயா நேரத்துக்குள் சாமியார் ஊரைக் காலி செய்துவிட்டார்.

மாரிச்செல்வம் அவமானத்தோடு வீடு திரும்பினான். வசந்தி அவனைத் திட்டவில்லை. அடுத்த நாள் ஒரு பழைய புடவையை மடித்து எடுத்துக்கொண்டு எர்ணாகுளம் கடைக்குக் கூட்டிப்போனாள். மூன்று ஜோடி மலிவு மானிட்டர்கள் புடவைக்குப் பின்னால் ஒரே சத்தத்தில் அவனுடைய பாட்டைப் பாடின. இரண்டு இனிமையாகப் பாடின. மூன்றாவதில் பாட்டு அசிங்கமாக இருந்தது. உடுக்கை கிறீச்சிட்டது, தாளத்தில் அடியே இல்லை. ஆட்டோவில் கேட்ட அதே தகர டப்பா. மாரிச்செல்வத்துக்கு உடம்பு கூசியது. "இதுதான் உண்மை சொல்லுது, இதையே எடுத்துக்கலாம்," என்றான். கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அது ஆறரை இஞ்ச் என்பது பணம் கட்டிய பிறகுதான் தெரிந்தது. அவன் குரல் இன்றுவரை நன்றாகத்தான் இருக்கிறது.

ஸ்பீக்கரை மூலையிலிருந்து தள்ளி வைத்து, ஆறு பாட்டையும் பத்தொன்பது நாள் திருத்தினான். அபிலாஷ் வழக்கம்போல் ஆட்டோவில் உட்கார்ந்தார். முதல் பாட்டு முடிந்ததும் இறங்குகிறவர் அன்று ஆறையும் கேட்டார். மாரிச்செல்வம் வெளியே வெயிலில் நின்றான்.

"இனி ஒண்ணும் மாத்தண்டா. இது நம்ம எடுத்துக்கறோம்," என்றார் அபிலாஷ். மாரிச்செல்வத்துக்கு அழுகை வந்துவிட்டது. இந்த முறை வந்தது நியாயமான அழுகை. அபிலாஷ் அவனை ஓரமாகக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"சத்தியம் பறயணும், செல்வம். எந்தச் சாமிகிட்டப் போன?"

அதற்குள் மட்டாஞ்சேரியிலிருந்து இரண்டு பேர் வசந்தியிடம் வந்து, தங்கள் ஸ்பீக்கருக்கும் அவள் கால்பட்டு உயிர் வர வேண்டும் என்று நட்சத்திரம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு கும்பிட யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்க்கத்தான் ஒரு பழைய புடவை தேவைப்படுகிறது.