கல் சொன்ன மிட்டாய்

ஆஷ்பிரிட்ஜ் ஊரில் பேய்க்குப் பயப்படுகிறவர்கள் யாரும் இல்லை. பேய்த் திருநாளான ஹாலோவீன் வந்தால் வாசலுக்கு வாசல் எலும்புக்கூடு தொங்கும். சவப்பெட்டி தானே திறந்து மூடும். அதைப் பார்த்து நாய்கூடக் குரைக்காது. அந்த ஊர் நடுங்கியது வேறொன்றுக்கு. மிட்டாயில் இருக்கும் சிவப்புச் சாயத்துக்கு.

நடுங்கட்டும், தப்பில்லை. பிள்ளை வாயில் போகிற பண்டத்தில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்பது நல்ல பழக்கம்தான். ஆனால் ஆஷ்பிரிட்ஜ் யாரிடம் போய்க் கேட்டது? ஒரு கல்லிடம்.

கல்லின் சொந்தக்காரி செலஸ்டின் மார்லோ. யோகா சொல்லிக்கொடுக்க ஊருக்கு வந்தவர். வெள்ளிச் சங்கிலியில் ஊதாக் கல்லைக் கட்டி மிட்டாய்க்கு மேலே பிடிப்பார். கல் வட்டமாகச் சுற்றினால் இயற்கை. குறுக்கே ஆடினால் செயற்கை. ஹாலோவீன் மாலையில் நூலகத்துப் புல்வெளியில் அவருடைய கூடாரம் எழும்பிவிடும். வேடம் போட்டு வீடு வீடாக ஏறி இறங்கி, கிடைத்த மிட்டாயால் பை நிரப்பிய பிள்ளைகளைப் பெற்றோர் நேரே அங்கே ஓட்டி வருவார்கள். கல்லுக்குப் பிடிக்காதது குப்பைத் தொட்டிக்குள் போகும். அழுகிற பிள்ளைக்கு ஈடாக, காலையிலிருந்தே அவர் யோகா வகுப்பில் விற்கும் தூய மிட்டாய் கிடைக்கும். பழுப்புக் காகித உறை, அதன்மேல் ஒரு பச்சை இலை. மிட்டாயிலும் அதே இலை முத்திரை. அதைக் கண்ணை மூடிக்கொண்டுதான் தின்ன வேண்டும் என்பது செலஸ்டின் விதி. பொருத்தமான விதி.

வரிசையில் எல்லிஸ் விட்கோம் நின்றிருந்தார். கல்லூரியில் அவர் கற்பிப்பது தர்க்கம். ஆம், தர்க்கம்! ராசிபலன் பார்க்கிறவர்களைக் கிண்டல் செய்தே ஒரு வகுப்பை ஓட்டிவிடுவார். தேவாலயத்தை வாலிப வயதிலேயே விட்டுவிட்டார். விட்ட இடம் காலியாகவே கிடந்தது போலும். கல் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதிகம் பேசமாட்டார். அவருடைய மௌனத்தை ஆழ்ந்த சிந்தனை என்று ஊர் நம்பியது. மெல்ல மெல்ல அவரும் நம்பிவிட்டார்.

பக்கத்தில் மகள் பிப்பா, வௌவால் வேடத்தில். மிட்டாய்ப் பையை இரண்டு இறக்கைக்குள்ளும் அணைத்துக்கொண்டிருந்தாள். போன வருடம் அவள் பை முழுவதும் தொட்டிக்குப் போனது. மறுநாள் பள்ளியில் பிள்ளைகள் ஆளுக்கு ஆள் மிட்டாய் மாற்றிக்கொண்டபோது, அவளுடைய பழுப்பு உறையை எவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

"அப்பா, இந்த வருஷமும் புடுங்கிப் போட்டீங்கன்னா, அடுத்த தடவை நான் உங்ககூட வரமாட்டேன். பக்கத்து வீட்டுக் கார்வின் அங்கிள் பிள்ளைங்களோட போயிடுவேன்."

எல்லிஸ் குனிந்து மகளைப் பார்த்தார். அவளுக்குப் பக்கத்தில் சும்மா நடந்தாலே போதும் என்று இருப்பது வருடத்தில் இந்த ஒரு மாலைதான். இதில் அவர் எதுவும் பேச வேண்டியதில்லை. இதுவும் போய்விட்டால்? யோசித்தார். யோசித்து, வரிசையில் இன்னும் ஓரடி முன்னே நகர்ந்தார்.

அவர் மனைவி நெட்டா வந்து சேர்ந்தாள். பல் மருத்துவரிடம் வேலை செய்கிறவள். எந்த மிட்டாய்மீதும் அவளுக்குப் பாசம் கிடையாது.

"சாயமில்லாத மிட்டாய் வேணும்னா கடையில நின்னு உறைக்குப் பின்னாடி படிச்சுப் பார்த்து வாங்கணும். நம்ம வீட்டுக்கு வர்ற பிள்ளைங்களுக்கு நான் அப்படித்தான் வாங்கினேன். உனக்குத்தான் படிக்கத் தெரியுமே?"

"அச்சடிச்சதையெல்லாம் எப்படி நம்பறது?"

"அச்சடிச்சதை நம்பமாட்ட. ஆடுற கல்லை நம்புவ. காலேஜ்ல உன்னை எப்படித்தான் வச்சுக்கிட்டிருக்காங்களோ!" பழுப்பு உறை ஒன்றை எடுத்தாள். "சரி, கண்ணை மூடு. காலையில நீ வாங்கி வச்ச பொட்டலம்தான்."

எல்லிஸ் மூடினார். மென்றார். முகத்தில் பக்தி பரவியது.

"இதுல மண்ணோட வாசம் இருக்கு. பழத்தோட நிஜமான இனிப்பு. தொழிற்சாலைக்காரனுக்கு இது வராது."

"அப்படியா?" என்றாள் நெட்டா.

அவர்கள் முறை வந்தது. நெட்டா மேசைமேல் இரண்டு குவியல் வைத்தாள். ஒன்று பழுப்பு உறை. மற்றது பளபளக்கும் சிவப்பு உறை.

"கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க மேடம்."

பழுப்பின் மேல் கல் சாந்தமாகச் சுற்றியது. கூட்டம் பெருமூச்சு விட்டது. சிவப்பின் மேல் சங்கிலி அறுந்துவிடும்போல் ஆடியது.

"விஷம்!" செலஸ்டின் கையை உதறினார். "கண்ணு, இதைத் தொட்ட கையை மொதல்ல கழுவும்மா. குழந்தை நரம்பெல்லாம் என்னாகும்!"

"சந்தேகமே இல்லையே?"

"கல்லு பொய் சொல்லாது."

நெட்டா ஒரு சிவப்பு உறையைப் பிரித்தாள். உள்ளே மங்கிய மிட்டாய். அதன்மேல் இலை முத்திரை. "இது நீங்க காலையில வித்தது." பழுப்பு உறையைப் பிரித்தாள். ரத்தச் சிவப்பாக ஒன்று உருண்டு விழுந்தது. "இது எங்க தெருவுல இன்னொரு பிள்ளைக்குக் கிடைச்சது. உறையை மட்டும்தான் மாத்தினேன். உங்க கல்லு காகிதத்தைத்தான் பார்க்குது மேடம். கல்லுகூட இல்ல, உங்க கை."

கூட்டம் மேசையை நெருங்கி வந்தது.

"அப்பா!" பிப்பா கத்தினாள். "உங்க நாக்கைக் காட்டுங்க!"

தர்க்கப் பேராசிரியர் ஊர் நடுவில் நாக்கை நீட்டினார். மண் வாசம் வீசிய அந்த நாக்கு ரத்தம் குடித்ததுபோல் சிவந்திருந்தது.

செலஸ்டின் அசரவில்லை. "உறையோட அதிர்வு மிட்டாய்க்குள்ள இறங்கிடும். அதைத்தான் கல்லு காட்டுது."

பலர் தலையாட்டினார்கள். எல்லிஸும் ஆட்டினார். ஆட்டிய பிறகுதான் அது தன் தலை என்று அவருக்குத் தெரிந்தது. இதையே ஒரு மாணவன் விடைத்தாளில் எழுதியிருந்தால் சிவப்பு மையாலேயே அவனைக் கொன்றிருப்பார்.

ரொம்ப நேரம் பேசாமல் நின்றார். இந்த முறை அதை யாரும் சிந்தனை என்று தப்பாக நினைக்கவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்து, பிப்பாவின் இறக்கைக்குள் இருந்த பையை இன்னும் நன்றாக மூடிவிட்டார்.

"இது உன்னோடது. இனிமே தொடமாட்டேன். அடுத்த வருஷம் என்கூட வருவியா?"

பின்னால் திரும்பிப் பார்த்தார். பாதிப் பேர் இன்னும் வரிசையில்தான் நின்றார்கள். செலஸ்டின் கல்லைத் துடைத்துவிட்டு, "அடுத்தது!" என்றார்.

பிப்பா அப்பாவின் சிவந்த வாயை நிதானமாகப் பார்த்தாள். "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

அன்று மாலை அந்தப் புல்வெளியில் அப்படிச் சொன்னது அவள் ஒருத்திதான். பெரியவர்களே, நீங்களும் ஒருமுறை யோசித்துத்தான் பாருங்களேன். அதில் எந்தச் சாயமும் கலக்கவில்லை.