சிம்மு பத்திரம், புடவை போச்சு

ஃபோன்ல பாட்டு ஏத்தணும். அன்னிக்கு எனக்கு இருந்த வேலையே அவ்வளவுதான்.

கேமரா வச்ச ஃபோன் ஊருக்குள்ள புதுசா வந்திருந்த சமயம். நான் காஞ்சிபுரத்துல தறி போட்டிருக்கிறவன். சின்ன காஞ்சிபுரத்து டீச்சரம்மா, பொண்ணு கல்யாணத்துக்குப் புடவை சொன்னப்பவே கண்டிஷன் போட்டாங்க.

"முகூர்த்தம் முடியிற வரைக்கும் இந்த டிசைன் ஒருத்தர் கண்ணுலயும் படக்கூடாதுபா!"

பட விடுவேனா? தறி ஜன்னல்ல போர்வையைக் கட்டினேன். வந்த மச்சானை வாசல்லயே நிக்க வச்சு, காபி குடுத்து அனுப்பினேன்.

அவ்வளவு உஷாரான ஆளு பாட்டுக் கடையில என்ன செஞ்சேன் தெரியுமா? சிம் கார்டைக் கழட்டி சட்டைப் பையில போட்டுக்கினு, ஃபோனைக் குடுத்தேன்!

"இன்னாத்துக்குண்ணா சிம்மைக் கழட்டுற?"ன்னார் கடைக்காரர்.

"நம்ம சமாச்சாரம் எல்லாம் அதுலதானேபா இருக்குது!"

அவரு சிரிச்சுக்கினே மெமரி கார்டை உருவி கம்ப்யூட்டர்ல சொருகினார். ஒருத்தர் கார்டுல இருக்கிறதை அப்பிடியே எடுத்து, அடுத்தவங்க கார்டுல கொட்டுறதுதான் அவர் தொழில்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

புடவை அதுக்கு முன்னாடியே முடிஞ்சு, மடிச்சும் வச்சாச்சு. டீச்சரம்மா கூப்பிட்டாங்க.

"பாட்டுக் கடையில பெருமாள் பாட்டு ஏத்திக்கினு வந்து ஃபோனைத் திறந்தா, நீ நிக்கிறியேபா!"

"டிசைன் வெளிய போயிடுச்சாம்மா?"

"டிசைன் கிடக்குது! எம்பொண்ணு புடவையைக் கட்டிக்கினு நிக்கிற!"

அய்யோ! முந்தானை எப்பிடி விழுதுன்னு பார்க்க, வீட்டுல ஆள் இல்லாத நேரம் நானே கட்டி, பீரோ கண்ணாடியில எடுத்த படம். அழிக்க மறந்துட்டேன்.

"சும்மா தோள்ல போட்டுப் பார்த்தேம்மா..."

"பொய் சொல்லாத! கொசுவம் எங்க மருமகளை விட நல்லா வச்சிருக்க. மீசைக்காரன் கட்டின புடவையை மணையில எப்பிடிபா கட்டுறது? முகூர்த்தத்துக்குப் புதுசுதான் ஆகும். வேற புடவை நெய்ஞ்சு குடு!"

அழுகையே வந்துடுச்சு. நல்லவேளை, தறியில பாவு நூல் மிச்சம் இருந்துது. சோறு தண்ணி பார்க்காம உக்காந்து, எப்பிடியோ நாளுக்குள்ள குடுத்துட்டேன்.

கல்யாணம் முடிஞ்சதும் பழைய புடவை வீட்டுக்காரிக்குப் போச்சு. கட்டிக்கினு கண்ணாடியைப் பார்த்தா. திரும்பி என்னைப் பார்த்தா.

"ஏங்க, அந்தப் பாட்டுக் கடை நல்ல கடைங்க. யாருக்காவது வளையல் வாங்கினா அதையும் ஒரு தடவை போட்டு போட்டோ எடுத்துக்கோங்க."