இடது கன்னத்தில் இருட்டு

அந்தத் தெருவில் வயசுப் பிள்ளைகள் எல்லோரும் பாதி முகத்தோடு நடமாடத் தொடங்கியிருந்தார்கள்.

விபத்து ஒன்றும் இல்லை. ஒளியம்மாவின் உத்தரவு. செல்போன் பழுதுபார்க்கும் கடையின் மேல்மாடியில் அந்த அம்மாள் கடை விரித்ததிலிருந்து, சிலர் இடது கன்னத்தின்மேல் முடியை இழுத்து விட்டுக்கொண்டார்கள். சிலர் வலது கன்னத்தைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார்கள். பொத்திய பக்கம் நிற்கும் விளக்குக் கம்பம் கண்ணில் படுமா? படவில்லை. நெற்றியில் பட்டது. "ஒளி உள்ள நுழையப் பாக்குது, நல்ல அறிகுறி" என்றாள் ஒளியம்மா, புடைத்த நெற்றிகளைத் தடவியபடி.

மாடிப்படி நெடுக வரிசை. தன் முகத்தைத் தானே படமெடுத்து, போனைக் கவிழ்த்து, உள்ளே விளக்கு எரியும் கண்ணாடிக் குடுவைமேல் வைக்க வேண்டும். ஒளியம்மா கண்ணை மூடிக்கொண்டு, எந்தக் கன்னத்தில் இருட்டு குடியிருக்கிறது என்று சொல்வாள். அந்தக் கன்னத்தை மூடிக்கொண்டால் படத்துக்கு லைக் குவியுமாம். படத்தை அவள் பார்க்க மாட்டாள். எடுத்தவரும் பார்க்கக் கூடாது. பார்க்காமலே இணையத்தில் ஏற்ற வேண்டும். பார்த்தால் ஒளி கூச்சப்பட்டு ஓடிவிடுமாம். கேமராவைத் துடைக்க 'ஒளித்துணி' ஒன்று விற்றாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கேட்டால் அதைச் சும்மாவே கொடுப்பார்கள். யாரும் கேட்கவில்லை.

இன்னொரு விதியும் உண்டு. மாடிக்கு வந்துபோகும் ஒவ்வொருவரும், மற்ற எல்லோருடைய படத்துக்கும் தினமும் ஒரு லைக்கும் ஒரு நல்ல வார்த்தையும் போட வேண்டும். போட்டார்கள். மாடிக்கு வந்தவர்களுக்கெல்லாம் லைக் குவிந்தது. அதிசயம், அதிசயம் என்றார்கள். ஒருவர் முதுகை ஒருவர் சொறிந்துவிட்டு, அரிப்பு நின்ற மகிமையைப் பாடினார்கள்.

பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பரும் அந்த வரிசையில் நின்றாள். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை; எல்லோருக்கும் அவள் 'கீப்பர்'.

முதலில் அவளுக்கு நம்பிக்கையில்லை. வகுப்புப் பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் தோழியின் படத்துக்கு மளமளவென்று லைக் விழுந்து, தன் படம் அநாதையாகக் கிடந்த அன்று, குளியலறைக் கண்ணாடி முன் நெடுநேரம் நின்றாள். முகத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை. அதுதான் அவளை வதைத்தது. குறை இருந்தால் சரிசெய்யலாம். சும்மா இருக்கிற முகத்தை என்ன செய்வது? அதனால், "இடது கன்னம் இருட்டு" என்று ஒளியம்மா சொன்னபோது அவளுக்கு அழுகை வரவில்லை. நிம்மதியாக இருந்தது. அப்பாடா, ஒரு குறை கிடைத்துவிட்டது.

முடி இடது கன்னத்தை மூடியது. இடது கண்ணும் கூடவே மூடிப்போனது.

"ஏய், லெஃப்ட்ல வர்ற பந்தெல்லாம் உனக்குச் சொந்தக்காரங்களா?" என்று கத்தினாள் அணித்தலைவி. "வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பி வைக்கிற!"

"முடிய எடுக்கச் சொல்லாத. எடுத்தா எல்லாம் போயிடும்."

"எடுக்கலன்னா ஃபைனல் போயிடும். முழு மூஞ்சியோட வந்தா வா. இல்லன்னா வேற ஆள நிறுத்துறேன்."

அந்த ஃபைனலுக்காகத்தான் இரண்டு வருஷமாக விடியற்காலையில் எழுந்து புழுதியில் விழுந்து புரண்டாள். இருந்தும் கை முடியை விலக்க மறுத்தது.

மறுநாள் காலை வழக்கம்போலப் படமெடுத்துவிட்டு, போனை மேசைமேல் வைத்துக் குளிக்கப் போனாள். அவள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். தொப்பியில்லாமல் வாசலைத் தாண்டாதவர். ஆளில்லாத நேரம் பார்த்து, மகளின் போனை உச்சந்தலைக்கு மேலே பிடித்து ஒரு படமெடுத்தார். வழுக்கை எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்தார். பெருமூச்சு விட்டார். அழிக்கத் தெரியாமல் வைத்துவிட்டார்.

கீப்பர் வந்தாள். விதிப்படி கட்டைவிரலால் திரையை மறைத்துக்கொண்டு கடைசிப் படத்தை ஏற்றினாள்.

மாடிக்கு வருகிறவர்கள் பெருகியிருந்தார்கள்; மதிய இடைவேளைக்குள் அதுவரை காணாத லைக் மழை. 'செம அழகுடி!' 'கன்னம் பளபளன்னு இருக்கு, என்ன க்ரீம்?' 'இந்த ஹேர்ஸ்டைல் உனக்கு அள்ளுது!' அவளால் தாங்க முடியவில்லை. தான் அழகாக இருப்பதை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். விதியை மீறிப் பார்த்தாள்.

நிலா மாதிரி ஏதோ இருந்தது. நடுவில், லிஃப்ட் கதவு இடித்த பழைய தழும்பு.

சிரிப்பு வரவேண்டிய இடத்தில் முதலில் வேறொன்று வந்தது. இத்தனை நாளும் தன்னை யாருமே பார்க்கவில்லை. ஒருவர்கூட. அந்த நினைப்பு நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. குத்திய வழியாகவே காற்றும் உள்ளே வந்தது.

சாயங்காலம் போனை நீட்டினாள். "அப்பா, இது யாரு?"

"அது... லைட் சரியா எரியுதான்னு பாக்க..."

"சரி, கிளம்புங்க. ஒளியம்மா கிட்ட போறோம்."

மாடி நிறையக் கூட்டம். கீப்பர் போனைக் கவிழ்த்து வைத்தாள். ஒளியம்மா கண்ணை மூடினாள்.

"இடது கன்னம் இன்னும் இருட்டுதான். ஆனா மூக்குல ஒளி வெள்ளமா ஓடுது. கண்ணு ரெண்டும் நட்சத்திரம்!"

"கூந்தல் எப்படிம்மா இருக்கு?"

"கருமேகம்! சீப்பு நுழையாத அடர்த்தி!"

கீப்பர் போனை நிமிர்த்திக் கூட்டத்துக்குக் காட்டினாள். "அப்பா, தொப்பிய எடுங்க."

"இங்கயாம்மா?" என்று கெஞ்சினார். எடுத்தார். திரும்பி நின்று குனிந்தார். படமும் தலையும் ஒன்றுக்கொன்று சாட்சி சொன்னன.

ஒளியம்மா லேசில் விடவில்லை. "அது... போன ஜென்மத்து முகம்! எனக்கு மட்டும்தான் தெரியும்."

"அப்ப அதுல மூக்கு எங்க இருக்கு? தொட்டுக் காட்டுங்க."

ஒளியம்மாவின் விரல் வழுக்கைக்கு மேலே வட்டமடித்தது. இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் வந்தது. இறங்க இடமில்லாமல் மடங்கிக்கொண்டது.

"கன்னம் பளபளன்னு எழுதினது யாரு?" என்று கேட்டாள் கீப்பர்.

பெஞ்சுத் தோழி தலையைக் குனிந்தாள். "நான் படத்தப் பாக்கலடி. எல்லாருக்கும் போடணுமேன்னு போட்டேன்."

"என் மூஞ்சிக்கும் அப்படித்தான் போட்டியா?"

தோழி மெல்லத் தன் கன்னத்துக் கைக்குட்டையை எடுத்தாள். ஒவ்வொரு கன்னமாக வெளிச்சத்துக்கு வந்தது. எல்லாம் கன்னம் மாதிரியேதான் இருந்தது. சிரிப்பு படியிறங்கித் தெருவுக்குப் போனது. அந்தச் சந்தடியில் ஒளியம்மா குடுவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக நழுவினாள். போகிற அவசரத்தில் விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்டாள். நல்ல அறிகுறிதான்.

ஒரு பையன் மட்டும் அப்பாவை ஓரங்கட்டினான். "அங்கிள், இந்தப் பளபளப்புக்கு என்ன தடவுறீங்க?"

ஃபைனலில் கீப்பர் முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். கடைசிப் பந்து இடது பக்கம் வந்தது. பார்த்தாள். பாய்ந்தாள். பந்து அவள் இடது கன்னத்தில் அறைந்து வெளியே போனது. கோப்பையோடு எடுத்த படத்தில் அந்தக் கன்னம் பன்னு மாதிரி வீங்கியிருக்கிறது. அதை அவள் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றினாள்.

கன்னத்தைத் திறந்தாயிற்று, சந்தோஷம். அதற்குக் கொஞ்சம் மேலே, முடிக்கு அடியில், மண்டைக்குள் இன்னொன்றும் மூடிக் கிடக்கிறது. அதையும் திறந்து வையுங்கள். இல்லையென்றால் காலியான மாடிக்கு நாளைக்கே வேறொரு அம்மாள் குடுவையோடு குடிவருவாள்.